யூதக் காந்தி

கொச்சி நகரின் மட்டாஞ்சேரிப் பகுதியில் பழமையான யூதத் தொழுகைக்கூடம் ஒன்று உள்ளது. அது பரதேசி யூதர் என்பாரால் 1568-ஆம் ஆண்டிற் கட்டப்பெற்றது. அக்கூடத்தில் நிலவிய ஏற்றத்தாழ்வை நீக்க அறவழியிற் போராடிய பெருமகனாரே ஆபிரகாம் பராக் சலேம் ஆவார்.

சலேம் 1882-ஆம் ஆண்டு கொச்சியிற் பிறந்தார். இவர் விடுதலை பெற்ற அடிமைகளின் வழித்தோன்றல் எனக் கருதப்பட்ட மரபினர். ஆதலால் அம்மரபினர் ஏனையோர்க்கு நிகராக இருக்கைகளில் அமர்தல் ஆகாது. பரதேசி யூதரோடு மணவுறவு கொள்ளுதலும் ஆகாது. சலேம் சென்னையிற் சட்டம் பயின்று, கொச்சி யூதருள் முதல் வழக்கறிஞரானார். நீதிமன்றத்தில் பிறர்க்காக வழக்காடிய அவர்க்குத் தொழுமிடத்தில் அமர இருக்கை இல்லை!

யூதரின் சட்டம் தோரா என்னும் திருமறையை அடிப்படையாகக் கொண்டது. அதற்கு விளக்கம் கண்டவர்கள் ரபிமார் எனப்படும் சான்றோர். ஓய்வுநாளில் விலக்க வேண்டிய தொழில்கள் எவை, இறைச்சியையும் பாலையும் எவ்வாறு பிரித்துண்பது என்பவற்றை அவர்களே வரையறுத்தனர். கூட்டு வழிபாட்டிற்கு ஆடவர் பதின்மர் வேண்டும் என்பதும் அவர்கள் வகுத்த முறையே. அவர்தம் ஆய்வுரைகள் தால்முது என்னும் பெருநூலில் தொகுக்கப்பட்டுள்ளன.

ஐயம் எழுந்தவிடத்துத் தொலைநாட்டு ரபிமார்க்கு எழுதிக் கேட்பது யூதரின் வழக்கம். கொச்சியில் எழுந்த இம்மரபு வேற்றுமை பற்றிய வினா, 16-ஆம் நூற்றாண்டிலேயே கெய்ரோ நகரத்து ரபி தாவீது இபின் சிம்ராவிடம் சென்றது. முறைப்படி நீராட்டிச் சமயத்திற் சேர்க்கப்பட்டோர் முழு யூதரே என்றும், அவரோடு மணவுறவு கொள்ளத் தடையில்லை என்றும் அவர் தீர்ப்பளித்தார். ஆயினும் நூற்றாண்டுகள் பல கழிந்தும் வேற்றுமை ஒழிந்தபாடில்லை. சட்டம் ஒருபுறம் நிற்க, வழக்கம் மறுபுறம் நின்றது.

இந்நிலையை மாற்றச் சலேம் காந்தியடிகளின் சத்தியாக்கிரக நெறியைக் கைக்கொண்டார். தம்மவர்க்குச் சமவுரிமை இல்லாத தொழுகைக்கூடத்தைப் புறக்கணித்தார். தாம் போற்றிய சமயத்தின் வாயிலிலேயே நீதி கேட்டு நிற்பது எளிதன்று. எனினும் அவர் தளரவில்லை; சமயத்தைத் துறக்கவுமில்லை. 1930-களில் தடைகள் பல ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்ந்தன. மக்கள் அவரை யூதக் காந்தி எனப் போற்றினர்.

கொச்சிச் சட்டசபையிலும் தொழிலாளர் இயக்கத்திலும் அவர் தொண்டாற்றினார். 1950-களில் கொச்சி யூதருட் பெரும்பாலோர் இசுரேல் நாட்டிற்குக் குடிபெயரத் துணைபுரிந்தார். தாமோ பிறந்த மண்ணிலேயே தங்கி, 1967-ஆம் ஆண்டில் மறைந்தார்.

நல்ல தீர்ப்பு ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. அதனை வாழ்வில் நிலைநாட்ட உறுதியுள்ள ஒருவர் வேண்டும். சலேமின் வாழ்க்கை உணர்த்தும் உண்மை இதுவேயாகும்.