தனம்மாளின் வெள்ளிக்கிழமைகள்

கல்லூரி நாட்களில் மகாபலிபுரத்துக்குச் சுற்றுலா போகாதவர் நம்மில் யார்? கடற்கரைக் கோயில் பக்கம் நின்று நண்பன் காதில் ரகசியம் சொன்னால் விழாது; அலைச் சத்தம் விழுங்கிவிடும். கத்திச் சொன்னால் அது ரகசியமில்லை! வீணை தனம்மாளின் இசைக்கும் இசைத்தட்டுக்கும் நடுவில் இருந்த தகராறு இதுதான்.

அம்மையார் 1867-இல் சென்னை ஜார்ஜ் டவுனில் பிறந்தார். பாட்டி காமாட்சி தஞ்சை அரண்மனையில் ஆடியவர். தாயார் சுந்தரம்மாள், சியாமா சாஸ்திரிகளின் மகன் சுப்பராய சாஸ்திரிகளிடம் பாடம் கேட்டவர். தனம்மாளோ சாத்தனூர் பஞ்சு ஐயரிடம் தீட்சிதர் கிருதிகளையும், பார்வையற்ற வாலாஜாபேட்டை பாலகிருஷ்ண தாஸிடம் க்ஷேத்ரக்ஞர் பதங்களையும் கற்றார். பிற்காலத்தில் அவருக்கும் பார்வை போயிற்று. வறுமையும் கூடவே வந்தது.

வெள்ளிக்கிழமை மாலையில் வீட்டிலேயே வாசிப்பார். பெரிய பெரிய வித்வான்களெல்லாம் வந்து வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பாங்க. பக்கவாத்தியம் கிடையாது. விரலில் கம்பி மாட்டாமல் வெறும் நகத்தால் மீட்டுவார். கூடவே மெல்லப் பாடுவார். ஓசை அந்த அறையைத் தாண்டாது. தாண்ட வேண்டுமென்று அவர் ஆசைப்பட்டதாகவும் தெரியவில்லை.

நம்ம ஊர்ப் பெருமையையும் சொல்லிவிடுகிறேன். பேத்தி பிருந்தாவைக் காஞ்சிபுரம் நயினாப் பிள்ளையிடம்தான் பாடம் கேட்க அனுப்பினார்கள். காஞ்சி 1997 வரை நமது செங்கல்பட்டு மாவட்டம்தானே! அந்தப் பிள்ளைவாள் 1934-இல் மறைந்தபோது ஒரு இசைத்தட்டுகூட விட்டுச்செல்லவில்லை.

தனம்மாள் விட்டுச்சென்றார். 1932-இல் கொலம்பியா கம்பெனிக்காக வாசித்த தட்டுகள் சில இன்றும் கிடைக்கின்றன. பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம். அரக்குத் தட்டில் கல்தூள் கலந்திருக்கும். இரும்பு ஊசி அதில் உரசும்போது எழும் இரைச்சல்தான் நாம் சொன்ன அலைச் சத்தம். மிகப் பெரிய ஒலிக்கும் அந்த இரைச்சலுக்கும் இடைவெளி சுமார் 40 டெசிபல்தான். 1982-இல் வந்த காம்பாக்ட் டிஸ்க்கில் 16 பிட். பிட்டுக்கு 6 டெசிபல் வீதம் 96. இப்போது 24 பிட், கணக்குப்படி 144. ஆனால் பழைய தட்டை 24 பிட்டில் பிரதி எடுத்தால் இரைச்சல்தான் துல்லியமாகக் கேட்கும். 1932-இல் பதியாதது புதிதாக முளைக்காது.

வீணையில் மீட்டியவுடன் வரும் ஓசையைவிட, அது தேயும்போது தந்தியை இழுத்துக் காட்டும் கமகம்தான் உயிர். ஓசை தேயத் தேய அது இரைச்சலுக்குள் மூழ்கிப்போகிறது. கம்ப்யூட்டரில் இரைச்சலைத் துடைக்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் கமகத்தின் வாலையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறார்கள். துடைக்காத பிரதியே தேவலாம் என்பது என் கட்சி.

அம்மையார் 1938-இல் காலமானார். பேத்திகள் பாலசரஸ்வதி, பிருந்தா, முக்தா ஆகியோர் அந்தச் சொத்தைக் கட்டிக்காத்தனர்.

இன்றைய மாணவர்கள் கேட்க விரும்பினால் ராத்திரி ஊர் அடங்கியபின் கேளுங்கள். ஃபேனை நிறுத்திவிடுங்கள், புழுங்கினாலும் பரவாயில்லை. சத்தத்தைக் கூட்டாதீர்கள். முதல் அரை நிமிஷம் இரைச்சல் மட்டுமே கேட்கிற மாதிரி இருக்கும். அப்புறம் காது பழகி வீணை மெல்ல மேலே வரும்.