தோல்வியையும் கணக்கில் எழுதியவர்

1890-களின் தொடக்கம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் அறுவைச் சிகிச்சைக்கு வந்த ஒருவருக்கு மருத்துவ மாணவர் ஒருவர் ஈதர் கொடுத்து மயக்கமூட்டினார். நோயாளி உயிரிழந்தார். இவ்வாறு நேர்வது வழக்கம்தான் என்று மூத்தவர்கள் தேற்றினர். மருத்துவப் படிப்பையே கைவிட எண்ணிக் கலங்கிய அம்மாணவர், பின்னர் நண்பர் காட்மனுடன் இணைந்து, மயக்கத்தில் இருப்பவரின் நாடித்துடிப்பையும் சுவாசத்தையும் தொடர்ந்து குறித்துவைக்கும் அட்டவணையை உருவாக்கினார். அவர்தான் நவீன மூளை அறுவைச் சிகிச்சையின் முன்னோடி ஹார்வி குஷிங்.

பொருளியல் கற்பித்தே வாழ்நாளைக் கழித்த என்னை அவர்பால் ஈர்த்தது, அவரது கைத்திறனைவிடக் கணக்கின் நேர்மைதான்.

1869-இல் கிளீவ்லாண்டில் மருத்துவர் குடும்பத்தில் பிறந்த குஷிங், யேல், ஹார்வர்டு பல்கலைக்கழகங்களில் பயின்று, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பயிற்சி பெற்றார். 1901-இல் இத்தாலியின் பாவியா நகரில் தாம் கண்ட ரத்த அழுத்தமானியை அமெரிக்க அறுவை அரங்குக்குக் கொண்டுவந்தார்.

அவரது கவனம் மூளையின் அடியில் பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் மீது குவிந்தது. அங்கே தோன்றும் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆயினும், கட்டி தீங்கற்றது என்பதால் அது இருக்கும் இடமும் தீங்கற்றதாகிவிடாது. மேல்நோக்கி வளர்ந்தால் பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்தை அழுத்தும். இருபுறப் பக்கவாட்டுப் பார்வையும் மங்கும். வளர்ச்சி ஹார்மோன் மிகுந்தால் கைகளும் பாதங்களும் தாடையும் பருக்கும். நேற்றுவரை அணிந்த மோதிரம் விரலில் ஏறாது. மாற்றம் மெல்ல நிகழ்வதால், உடன் வாழ்பவர்களின் கண்ணுக்கே அது தப்பிவிடும்.

எம்.ஆர்.ஐ. கருவியோ ஹார்மோன் அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனையோ இல்லாத காலம் அது. பார்வைப் பரப்பை வரைந்து பார்ப்பது, சுரப்பி தங்கியுள்ள எலும்புக் குழி விரிந்திருக்கிறதா என எக்ஸ்ரேயில் நோக்குவது, நோயாளியைப் படமெடுத்து மாற்றங்களை ஆராய்வது ஆகியவையே அவர் கைக்கொண்ட வழிகள். 1909-இல், உறுப்புகள் பருத்திருந்த விவசாயி ஒருவருக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். 1910 முதல் 1925 வரை, மேலுதட்டின் உட்புறம் கீறி மூக்கின் வழியே சுரப்பியை அடையும் முறையில் 231 பேருக்குச் சிகிச்சை அளித்தார், இறந்தோர் 5.6 விழுக்காட்டினர். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இல்லாத நாள்களில் இது வியப்புக்குரிய அளவு.

அந்த விழுக்காடு இன்று நமக்குத் தெரிவதே அவர் இறப்புகளை மறைக்காததால்தான். வீடு திரும்பியவர்களின் நிலையையும் கடிதங்கள் வழியே கேட்டறிந்தார். உதவியாளராகச் சேர்ந்து, பின்னர் மருத்துவம் பயின்று நோய்க்குறியியலாளரான லூயிஸ் ஐசன்ஹார்ட் அந்தப் பதிவுகளைப் பேணினார். 1912-இல் தம் நூலில் விவரித்த ஓர் இளம்பெண்ணின் வீங்கிய முகத்தையும் பிற அறிகுறிகளையும் அவர் மறக்கவில்லை. 20 ஆண்டுகள் கழித்து, அத்தகைய 12 பேரின் விவரங்களை ஒன்றாக வைத்து, பிட்யூட்டரியின் மிகச் சிறிய கட்டியே காரணம் என வாதிட்டார். அந்த நோய் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

அவர் குறையற்றவர் அல்லர். உதவியாளர்களிடம் கடுமை காட்டியவர். 1926-இல் மூத்த மகன் விபத்தில் இறந்த செய்தி கிடைத்த பின்னரும், அன்றைய அறுவைச் சிகிச்சையை முடித்தே அரங்கைவிட்டு வெளியேறினார். அதைக் கடமை என்பதா, தந்தை மனத்தின் இறுக்கம் என்பதா என்று என்னால் தீர்ப்பளிக்க இயலவில்லை.

1920-களின் இறுதியில் அவர் மூக்குவழி முறையைக் கைவிட்டு, மண்டையோட்டைத் திறக்கும் முறைக்கு மாறினார். பார்வை நரம்பின் அழுத்தத்தை நேரில் கண்டு நீக்க அது உதவியது. குருவின் சொல்லையே சான்றாகக் கொண்டு உலகமும் பழைய வழியை ஏறக்குறைய மறந்தது. அவரிடம் பயின்ற எடின்பரோவின் நார்மன் டாட் மட்டும் அதை விடவில்லை. அவரிடமிருந்து பாரிஸின் கியோவும், கியோவிடமிருந்து மான்ட்ரியாலின் ஜூல்ஸ் ஹார்டியும் கற்றனர். 1960-களில் ஹார்டி நுண்ணோக்கியைச் சேர்க்க, கைவிடப்பட்ட வழியே இன்று பெரும்பாலான பிட்யூட்டரி கட்டிகளுக்கு உரிய வழியாகியிருக்கிறது. மேதையின் முடிவும் மறு ஆய்வுக்கு உரியதே.

1939 அக்டோபரில் குஷிங் மறைந்தார். உடற்கூறு ஆய்வில் அவரது மூளைக்குள்ளேயே தீங்கற்ற சிறு கட்டி ஒன்று இருந்தது தெரியவந்தது. அவர் சேர்த்த மூளை மாதிரிகளும் நோயாளிகளின் படங்களும் நெடுங்காலம் நிலவறையில் கிடந்து, 2010-இல் யேல் பல்கலைக்கழகத்தில் காட்சிக்கு வந்தன.

வெற்றிகளை விளம்பரப் பலகைகளில் எழுதும் மருத்துவமனைகள் நம்மிடையே பெருகிவிட்டன. தங்களிடம் சிகிச்சை பெற்றோரில் எத்தனை பேர் ஓராண்டுக்குப் பின் நலமாக உள்ளனர், எத்தனை பேரை இழந்தோம் என்னும் கணக்கை அவை வெளியிட முன்வர வேண்டும். நூறாண்டுக்கு முன் ஒரு தனிமனிதரால் முடிந்தது, கணினிகள் நிறைந்த இன்று முடியாதா?