குண்டின் வேகத்தை அளந்த மேதை

ஆம்பூர் என்றதும் தோல் பதனிடும் சாலைகளும், செருப்புத் தொழிலும், பிரியாணியும் நினைவுக்கு வரும்.

அதே ஆம்பூரில் 1749-ம் ஆண்டு ஆகஸ்டு 3-ந் தேதி பெரும் போர் நடந்தது. ஒரு பக்கம் ஆற்காடு நவாப் அன்வருதீன்கான். மறு பக்கம் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும். நவாப் யானை மீது அமர்ந்து போரிட்டார். பறந்து வந்த ஒரு துப்பாக்கிக் குண்டு அவர் மார்பைத் துளைத்தது. நவாப் மாண்டார். போரும் முடிந்தது.

ஒரு சின்ன ஈயக் குண்டு, ஒரு ராஜ்யத்தின் தலைவிதியையே மாற்றிவிட்டது! அந்தக் குண்டு என்ன வேகத்தில் பாய்கிறது?

இதைச் சரியாக அளந்து உலகுக்குச் சொன்னவர் ஓர் ஆங்கிலேயர். ஆம்பூர் போர் முடிந்த மறு வருடம் அவர் தமிழ்நாட்டுக்கே வந்தார். இங்கேயே உயிரையும் விட்டார். அவர்தான் பெஞ்சமின் ராபின்ஸ்.

ஏழை வீட்டுப் பிள்ளை

ராபின்ஸ் 1707-ம் ஆண்டு இங்கிலாந்தில் உள்ள பாத் நகரில் பிறந்தார். ஏழைக் குடும்பம். பெற்றோர் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். போர் கூடாது, ஆயுதம் ஏந்தக் கூடாது என்பது அவர்கள் கொள்கை. அந்த வீட்டுப் பிள்ளைதான் பிற்காலத்தில் பீரங்கிக்கும் துப்பாக்கிக்கும் கணக்குப் போட்டார்!

அவர் லண்டனுக்குப் போய்க் கணக்கு வாத்தியார் ஆனார். 20 வயதிலேயே ராயல் சொசைட்டி என்ற விஞ்ஞானச் சங்கத்தில் அவருக்கு இடம் கிடைத்தது.

ஆடிய மரக்கட்டை

குண்டு பாய்வது கண்ணுக்குத் தெரியாது. அதன் வேகத்தை எப்படி அளப்பது?

ராபின்ஸ் ஒரு யுக்தி செய்தார். கனமான மரக்கட்டையை ஊஞ்சல் போலத் தொங்கவிட்டார். அதன் மேல் துப்பாக்கியால் சுட்டார். குண்டு கட்டையில் புதைந்தது. கட்டை பின்னால் ஆடியது. எவ்வளவு தூரம் ஆடியது என்பதைக் கட்டையில் கட்டியிருந்த ஒரு நாடா காட்டியது.

குண்டின் எடை தெரியும். கட்டையின் எடை தெரியும். ஆடிய தூரமும் தெரியும். பிறகு என்ன? கணக்குப் போட்டார். குண்டின் வேகம் வினாடிக்கு 1,600 அடிக்கும் மேல் என்று விடை வந்தது!

காற்று என்னும் சுவர்

பிறகு துப்பாக்கியைச் சற்றுத் தள்ளி வைத்துச் சுட்டார். கட்டை குறைவாக ஆடியது. ஏன்? வழியில் காற்று குண்டைத் தடுக்கிறது.

காற்றின் தடையை அதுவரை பலரும் அற்பமாக நினைத்திருந்தார்கள். ராபின்ஸின் கணக்கோ அது குண்டின் எடையைப் போல் 120 மடங்கு என்று காட்டியது. காற்றே இல்லாவிட்டால் 17 மைல் பாயக்கூடிய குண்டு, அரை மைல் போவதற்குள் விழுந்துவிடுகிறது!

1742-ல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். மாபெரும் கணித மேதை ஆய்லர், 1745-ல் அதை ஜெர்மன் மொழியில் பெயர்த்து, விரிவான விளக்கமும் எழுதினார். மறு ஆண்டு ராபின்ஸுக்கு ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் கிடைத்தது.

கடலூரில் கடைசி நாட்கள்

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். 1749-ல் அது ஆங்கிலேயருக்குத் திரும்பக் கிடைத்தது. கோட்டைகளைப் பலப்படுத்த ஒரு நிபுணர் தேவைப்பட்டார். கிழக்கிந்தியக் கம்பெனி ராபின்ஸைத் தலைமை எஞ்சினீயராக அனுப்பியது.

1750 ஜூலையில் கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருந்த புனித டேவிட் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். கடலூர், சென்னைக் கோட்டைகளுக்குத் திட்டம் வகுத்தார். ஆனால் நம் நாட்டு வெயில் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டே மாதத்தில் கடும் ஜுரம் கண்டது. தேறினார். எனினும் பழைய பலம் திரும்பவில்லை.

1751 ஜூலை 29-ந் தேதி, கம்பெனிக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தபோதே காலமானார். வயது 44தான். 1758-ல் பிரெஞ்சுப் படை அந்தக் கோட்டையைப் பிடித்து இடித்துவிட்டது.

கோட்டை போயிற்று, கணக்கு நின்றது

தோட்டாவைத் தாங்களே நிரப்பும் துப்பாக்கி சுடும் வீரர்கள் வெளிநாடுகளில் உண்டு. குண்டின் எடை, வடிவம், வேகம் ஆகியவற்றை அவர்கள் கைபேசியில் தட்டுகிறார்கள். குண்டு எத்தனை அங்குலம் தாழும் என்று உடனே விடை வருகிறது. காசு கொடுக்க வேண்டியதில்லை.

அந்த விடைக்குள்ளே இருப்பது, வேகமும் காற்றின் தடையும்தான். அவை இரண்டையும் ஓர் ஆடும் மரக்கட்டையை வைத்து அளந்து காட்டிய கணக்கு வாத்தியார், கடலூர்க் கடற்கரையில் மறைந்தார்.