தன்வந்திரி மகால் கண்ட மன்னர்

காவிரி நாட்டின் வளத்தைப் பாடாத புலவர் இலர். ஆயின், அவ்வளத்தை விளைவிக்கும் கைகளும் கால்களும் படும் பாட்டை எண்ணியோர் சிலரே. நடவு வயலில் நாள் முழுதும் நிற்போர்க்குக் கால்விரல் இடுக்குகளில் சேற்றுப்புண் உண்டாகும். வரப்பு வளைகளில் நல்ல பாம்பு பதுங்கியிருக்கும். இரவில் மடை திறக்கச் செல்வோன் அதனை அறியாது மிதித்தலும் உண்டு. கதிர் அறுக்கும்பொழுதும் நெல் தூற்றும்பொழுதும் சுணையும் பதரும் கண்ணில் தெறிக்கும். கருவிழியில் புண் தோன்றும். உரிய காலத்தில் மருத்துவம் பெறாவிடின் பார்வையே போய்விடும். மருத நிலத்து மக்களின் நோய்களுட் பல இவ்வாறு அந்நிலத்து நீரோடும் தொழிலோடும் பிணைந்தவை. அந்நாட்டில், மருத்துவர் ஒருங்கு கூடி ஆராயவும் ஒருவரிடம் ஒருவர் கற்கவும் ஒரு தனி நிலையத்தை அமைத்தவர் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி ஆவார்.

சரபோசி 1777-ஆம் ஆண்டு போன்சலே மராட்டியர் குடியிற் பிறந்தார். தஞ்சையை ஆண்ட துளசா மன்னர் தமக்குப்பின் அரசுரிமை எய்த மகன் இன்மையால், 1787-இல் இவரைத் தத்து எடுத்துக்கொண்டார். அவ்வாண்டிலேயே உயிர் நீத்தார். பிள்ளைப் பருவத்தினரான சரபோசி அரண்மனையிலேயே ஆதரவற்றவரானார். அரசு அமர்சிங்கின் கைக்குச் சென்றது. அந்நாளில் இளைஞரைத் தந்தைபோற் காத்தவர் சுவார்ட்ஸ் பாதிரியார். அவர் முயற்சியால் சரபோசி 1793-இல் சென்னைக்கு அனுப்பப்பட்டு, ஆங்கிலமும் மேனாட்டு இயற்கை நூல்களும் பயின்றார். 1798-இல் அரியணை ஏறினார். ஆனால், மறு ஆண்டிலேயே கிழக்கிந்தியக் கும்பினியார் ஓர் உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சியைத் தம்பாற் கொண்டனர். கோட்டையும் அதனைச் சூழ்ந்த சிறு நிலமுமே மன்னருக்கு எஞ்சின. ஆண்டுதோறும் ஒரு லட்சம் வராகனும், நாட்டின் நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் அவருக்கு உரியன என வரையறுக்கப்பட்டது.

இருபத்திரண்டு வயதில் ஆளுதற்கு நாடில்லாத அரசர் ஆதல் எளிய துன்பம் அன்று. அந்நிலையில் வேட்டையிலும் களியாட்டிலும் பொழுது போக்கி அழிந்த மன்னர் பலர். சரபோசியும் வேட்டையில் வல்லவரே. ஆயினும் அவர் செல்வத்தின் பெரும்பகுதி நூல்களுக்கே சென்றது. நாயக்கர் காலந்தொட்டு வளர்ந்துவந்த சரசுவதி மகாலில் ஓலைச்சுவடிகளையும், நாலாயிரத்துக்கு மேற்பட்ட மேனாட்டு நூல்களையும் சேர்த்தார். அம்மேனாட்டு நூல்கள் பலவற்றில் அவர் கையொப்பம் காணப்படும். 1820-இல் காசிக்குப் பெருங்கூட்டத்துடன் யாத்திரை சென்றவர், புண்ணிய நீரோடு சுவடிகளையும் கொண்டு மீண்டார். 1826-இல் தஞ்சைக்கு வந்த ஈபர் என்னும் ஆங்கிலப் பேராயர், இலவாய்சியர், இலின்னேயசு போன்ற மேனாட்டு அறிஞர்தம் நூல்களில் மன்னருக்கிருந்த பயிற்சியைக் கண்டு வியந்து எழுதியுள்ளார்.

அக்காலத்து மருத்துவக் கல்வியின் நிலையை ஈண்டுக் கூறுதல் வேண்டும். மருந்து செய்முறை தந்தையிடமிருந்து மகனுக்கு அல்லது ஆசானிடமிருந்து ஒரு மாணாக்கனுக்கு மறைவாகச் செல்லும். மகன் இல்லாத மருத்துவன் இறந்தால், அவனோடு மருந்தும் இறக்கும். எழுதி வைத்த ஏடுகளையோ செல் அரிக்கும். தஞ்சைக் குளிகை என்று பெயர்பெற்ற பாம்புக் கடி மருந்து ஒன்று அந்நாளில் வழங்கியது. அதில் வெள்ளைப் பாஷாணம் கலந்திருந்தது. கும்பினியின் இயற்கை நூல் அறிஞரான பாட்ரிக் இரசல் அதனைச் சோதித்து, இந்தியப் பாம்புகளைப் பற்றி 1796-இல் வெளியிட்ட தம் நூலில் அதுபற்றி எழுதினார். பாஷாணம் பாம்பின் நஞ்சை முறிக்காது என்பதனை இன்று அறிவோம். நச்சுமுறி ஊசியே இன்றைய மருந்து. பெயர்பெற்ற மருந்தாயினும் அதனைச் சோதித்தும் குறித்தும் பார்த்தாலன்றி மெய்ம்மை விளங்காது என்பதற்கு இக்குளிகை தக்க சான்றாகும்.

சரபோசி அமைத்த தன்வந்திரி மகாலில் சித்தம், ஆயுள்வேதம், யுனானி, மேனாட்டு மருத்துவம் ஆகிய நால்வகையிலும் வல்லோர் ஒருங்கே இடம் பெற்றனர். ஒருவர் நூலை ஒருவர் தொடாத காலத்தில் இது பெரும் புதுமை. மருந்துகளைச் செய்து, பிணியாளர்க்குக் கொடுத்து, கண்ட பயனை எழுதி வைத்தனர். அவ்வாறு தொகுத்த முறைகளைப் புலவர்கள் தமிழ்ச் செய்யுளாக யாத்தனர். செய்யுள் மனத்தில் நிற்கும். ஆதலால் ஏடு இல்லாத சிற்றூர் மருத்துவனும் அதனைப் பாடம் பண்ணிக்கொள்ளலாம். இச்செய்யுட்கள் சரபேந்திர வைத்திய முறைகள் என்னும் பெயரால் கண் நோய், நீரிழிவு என நோய்தோறும் தனித்தனி நூல்களாகப் பிற்காலத்தில் அச்சேறின. மருத்துவக் கல்வியில் விலங்குகளும் விடப்படவில்லை; யானைக்கும் குதிரைக்கும் உரிய மருத்துவமும் ஆராயப்பட்டது.

இவற்றுள் கண் மருத்துவக் குறிப்புகள் தனிச் சிறப்புடையன. மக்பீன் என்னும் ஆங்கில மருத்துவரின் துணையோடு தஞ்சையில் கண்படலம் நீக்குதல் முதலிய பண்டுவங்கள் நடைபெற்றன. 1827-ஆம் ஆண்டை ஒட்டி நாற்பதுக்கு மேற்பட்ட பிணியாளரின் வரலாறுகள் எழுதப்பட்டுள்ளன. நோயுற்ற கண்ணை ஓவியர் வண்ணத்தில் தீட்டியுள்ளனர். நிழற்படம் இல்லாத காலத்தில், கண்ணின் செம்மையையும் படலத்தின் வெண்மையையும் பின்வரும் மருத்துவர் நேரிற் கண்டாற்போல் அறிய இவ்வோவியங்கள் உதவின. ஆயிரம் சொற்களால் விளக்க முற்படுவதைத் தூரிகை ஒரு பக்கத்தில் முடித்துவிட்டது எனலாம்.

நோயை அறியப் பிணியாளனின் உடலை நோக்கினால் மட்டும் போதுமா? இத்தாலிய நாட்டு மருத்துவப் பேராசிரியர் இராமசினி என்பார், தொழிலாளரின் நோய்களைப் பற்றி 1700-இல் ஒரு நூல் இயற்றினார். பிணியாளனை நோக்கி, அவன் செய்யும் தொழில் யாது என வினவுதல் மருத்துவர் கடமை என்பது அந்நூலின் தலையாய கொள்கை. மருத்துவன் பிணியாளன் இருக்கும் இடத்திற்கே செல்வானாயின் இவ்வினாவுக்குப் பாதி விடை கண்முன்னே கிடைத்துவிடும். மன்னரின் சத்திரங்களில் மருத்துவர் அவ்வாறு வழியிடைப்பட்ட மக்கள் நடுவிலேயே இருந்தனர்.

தஞ்சையிலிருந்து இராமேசுவரம் செல்லும் பெருவழியில் மராட்டிய மன்னர் நிறுவிய சத்திரங்கள் பல இருந்தன. சரபோசியும் ஒரத்தநாட்டில் முத்தம்பாள் சத்திரத்தைக் கட்டினார். வழிநடையால் கால் வெடித்தோரும், நீர் மாறியதால் வயிற்று நோயுற்றோரும், காய்ச்சலால் வீழ்ந்தோரும் ஆங்காங்கே தங்கினர். ஆட்சி கைமாறியபின், சத்திர நிலங்களையும் கும்பினியார் எடுத்துக்கொள்வரோ என்ற அச்சம் எழுந்தது. 1801-இல் மன்னர் தஞ்சையிலிருந்த ஆங்கில ரெசிடெண்டு டாரின் என்பார்க்கு ஒரு நீண்ட மடல் எழுதினார். எச்சாதியார் வரினும் ஆங்கு உணவு உண்டு என்பதனையும், நோயுற்றோரைக் காக்க மருத்துவர் உளர் என்பதனையும், கருவுற்ற மகளிரும் பெற்றோரை இழந்த பிள்ளைகளும் புரக்கப்படுவர் என்பதனையும் எடுத்துரைத்து, அவ்வறங்களைத் தம்மிடமே விடுமாறு வேண்டினார். நாட்டை இழந்தபொழுது வாளை எடுக்காத மன்னர், சத்திரங்களின் பொருட்டு எழுதுகோலை எடுத்தார். அவ்வறநிலையங்கள் அவர் மேற்பார்வையில் நிலைத்தன. முத்தம்பாள் சத்திரத்தில் பல மொழிகளைப் பயிற்றும் இலவசப் பள்ளியும் நடைபெற்றது.

சரபோசி மன்னர் 1832-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 7-ஆம் நாள் மறைந்தார். அவர் மகன் சிவாசி மன்னருடைய காலத்துக்குப் பின், 1855-இல் அரசும் முடிவுற்றது. சரசுவதி மகால் 1918-இல் பொதுமக்கள் நூலகமாயிற்று. மேனாட்டு முறையில் மருத்துவம் பயிற்றும் கல்லூரி தஞ்சையில் 1959-இல் தோன்றியது. மன்னர் காலத்துக் கண் ஓவியங்களும் குறிப்புகளும் அழியாது அந்நூலகத்தில் உள்ளன. இக்காலக் கண் மருத்துவர்கள் அவற்றைப் பயின்று, அந்நாளில் நோய் அறிந்த முறையையும் பண்டுவம் செய்த முறையையும் ஆராய்ந்து எழுதியுள்ளனர்.