மலை நாடிய மகாகவி

கல்கத்தாவின் கோடை வறண்ட வெயிலன்று. ஈரக்காற்றும் சேர்ந்து உடலையும் உள்ளத்தையும் ஒருங்கே சோர்வுறச் செய்யும் புழுக்கம். அதற்கு அஞ்சியே ஆங்கில அரசு 1864 முதல் கோடைதோறும் சிம்லாவுக்குக் குடிபெயர்ந்தது. வசதி படைத்த வங்காளிகள் டார்ஜிலிங்கை நாடினர். அந்நகரத்து ஜோராசங்கோ மாளிகையில், 1861ஆம் ஆண்டு மே 7ஆம் நாள், கோடையின் நடுவே பிறந்தவர் இரவீந்திரநாத தாகூர். அவர்தம் மலைப்பயணங்களை வரிசைப்படுத்திப் பார்ப்போர்க்கு, இடமாற்றம் ஒரு கவிஞனுக்கு எதைத் தரும், எதைத் தராது என்பது இனிது விளங்கும்.

சிறுவன் இரவி பணியாளர்களின் காவலில் வளர்ந்தவன். அவர்களுள் ஒருவன் சுண்ணக்கட்டியால் வட்டம் கீறி, அதனுள்ளேயே அவனை அமர்த்திவிடுவானாம். 1873இல் பூணூல் சடங்கு முடிந்ததும் தந்தை தேவேந்திரநாதர் அவனைப் போல்பூர், அமிர்தசரஸ் வழியாக டல்ஹவுசி மலைக்கு அழைத்துச் சென்றார். விடியுமுன் வடமொழிப் பாடம், குளிர்நீராட்டு, இரவில் விண்மீன்களைக் காட்டி வானியல் விளக்கம் எனக் கட்டுப்பாடுகள் பல இருந்தன. எனினும், கைத்தடியோடு மலைச்சரிவுகளில் தனித்துத் திரிய அவனுக்குத் தடையில்லை. வட்டத்துக்குள் இருந்த சிறுவன் விடுதலையின் சுவையை அறிந்தது அங்கேதான்.

இளமையில் கல்கத்தாவின் சதர் தெருவில் ஒருநாள் காலை, கதிரவன் எழக் கண்ட கணத்தில் உலகமே புத்தொளி பெற்றதாக உணர்ந்தார். தெருவில் செல்லும் எளிய மனிதரும் பேரழகராகத் தோன்றினர். நெரிசல் மிக்க நகரிலேயே இத்தகு காட்சி கிட்டுமாயின், இமயத்தில் இன்னும் எத்துணை கிட்டும் என எண்ணி டார்ஜிலிங் சென்றார். ஆங்கே பனிமுடிகள் இருந்தன. அந்தக் காட்சி இல்லை. மலை தானாகக் கவிதையை ஈயாது என்னும் உண்மையை அவர் இளமையிலேயே கற்றுக்கொண்டார்.

1902 நவம்பரில் துணைவியார் மிருணாளினி மறைந்தார். மறு ஆண்டுக் கோடையில், காசநோயுற்ற மகள் ரேணுகாவை மலைக்காற்றேனும் காக்காதா என்ற ஏக்கத்தோடு அல்மோராவுக்குக் கொண்டு சென்றார். நோயாளியின் அருகிருந்தே குழந்தை உள்ளத்தின் குதூகலத்தைப் பாடும் 'சிசு' கவிதைகளை எழுதினார். மலை மகளைக் காக்கவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் அவள் மறைந்தாள். கவிதைகள் எஞ்சின.

1923 கோடையில் ஷில்லாங்கின் பைன் மரங்களிடையே தங்கியபோது அவர் எழுதியது மலையழகைப் பற்றியன்று. பெயரிழந்து எண்களாகிப்போன மனிதர், இருண்ட சுரங்கத்தில் பொன் அகழ்வதைக் காட்டும் 'ரக்தகரபி' நாடகத்தின் முதல் வடிவம் அங்கேதான் உருவாயிற்று. ஷில்லாங்கைக் களமாகக் கொண்ட 'சேஷேர் கவிதா' புதினத்தையோ, 1928இல் அம்மலையினின்றும் நெடுந்தொலைவிலுள்ள பெங்களூரில் எழுதி முடித்தார். குளிர்ந்த இடத்தில் தகிக்கும் உலகம் தெரிந்தது. மலையை விட்டு அகன்றபின் மலை தெரிந்தது. தொலைவே பார்வையைத் தெளிவாக்கியது.

1937 கோடையில் மீண்டும் அல்மோரா. அங்கு அவர் எழுதியது 'விஸ்வ பரிசய்' என்னும் அறிவியல் நூல். டல்ஹவுசிப் பயணத்தில் தந்தை காட்டிய விண்மீன்கள் 64 ஆண்டுகளுக்குப்பின் எழுத்தாயின.

இறுதி ஆண்டுகளில் காலிம்பொங்கும் மங்பூவும் அவரை ஈர்த்தன. 1938 பிறந்தநாளில் காலிம்பொங்கிலிருந்து வானொலி வழியே கவிதை படித்தார். சின்கோனாத் தோட்டங்கள் சூழ்ந்த மங்பூவில் மைத்ரேயி தேவியின் இல்லத்தில் 1938 முதல் 1940 வரை பலமுறை தங்கினார். அந்நாட்களை அவ்வம்மையார் பின்னர் நூலாக்கினார். 1940 செப்டம்பரில் காலிம்பொங்கில் கடுமையாக நோயுற்று, கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டார்.

1941 கோடையில் மலையேற உடல் இடந்தரவில்லை. சாந்திநிகேதனத்தின் வெம்மையிலேயே அக்கோடை கழிந்தது. எழுதுகோல் பிடிக்க இயலாதபோது சொல்லச் சொல்லப் பிறர் எழுதினர். ஆகஸ்டு 7ஆம் நாள், பிறந்த அதே ஜோராசங்கோ மாளிகையில் அவர் உயிர் நீத்தார்.

மலை அவருக்கு ஓய்வு தந்தது, தொலைவு தந்தது. பாடுபொருளை மட்டும் அவர் ஒவ்வொரு முறையும் சமவெளியிலிருந்தே சுமந்து சென்றார். கவிதை எழுதக் குளிர்ந்த இடம் தேடும் நம்மனோர் எண்ணிப் பார்க்கத்தக்கது இது.