ஜி. டி. நாயுடு

உலகில் தோன்றிய மக்களுள் பலர், பிறந்தனர், வாழ்ந்தனர், மறைந்தனர் என்னும் அளவோடு நின்றுவிடுகின்றனர். ஒரு சிலரே தாம் மறைந்த பின்னும் தம் செயல்களால் பிறர் உள்ளத்தில் நிலைபெறுகின்றனர். அச்சிலருள்ளும், ஏட்டுக் கல்வியின் துணை பெரிதும் இன்றித் தம் கண்ணையும் கையையுமே ஆசிரியராகக் கொண்டு உயர்ந்தோர் மிகச் சிலர். அத்தகையோருள் ஒருவர் கொங்குநாடு ஈன்ற ஜி. டி. நாயுடு அவர்கள். திண்டுக்கல் சமவெளியில் வாழும் எமக்கு அவர் முற்றும் அயலார் அல்லர். அவர் முதன்முதல் ஓட்டிய பஸ், இன்று எம் மாவட்டத்தைச் சேர்ந்ததாகிய பழனிக்கும் பொள்ளாச்சிக்கும் இடையே ஓடியதேயாம். ஆதலின் அவருடைய வாழ்க்கையை ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

பிறப்பும் இளமையும்

கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், 1893-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 23-ஆம் நாள், கோபால்சாமி நாயுடு என்னும் உழவருக்கு மகனாக இவர் பிறந்தார். துரைசாமி என்பது இவருக்கு இடப்பட்ட பெயர். குழந்தைப் பருவத்திலேயே அன்னையை இழந்தார். பள்ளிக்கூடமோ இவருக்கு ஒரு சிறைச்சாலையாகவே தோன்றிற்று. மூன்றாம் வகுப்பு அளவிலே படிப்பு நின்றது. வயலில் வேலை செய்வதும், கிடைத்த நூல்களைத் தாமே எழுத்துக் கூட்டிப் படிப்பதுமாக இவர் இளமை கழிந்தது. இவ்வாறு ஒரு சிற்றூரின் எல்லைக்குள்ளேயே முடிந்திருக்கக்கூடிய வாழ்வை, ஒரு மோட்டார் சைக்கிள் மாற்றிவிட்டது.

ஆங்கில அதிகாரி ஒருவர் அவ்வூர்ப் பக்கம் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் குதிரையும் பூட்டாமல் தானே ஓடும் அவ்வண்டியைக் கண்ட இளைஞரின் உள்ளம் அதன் பின்னே ஓடிற்று. அதனை வாங்கப் பணம் வேண்டுமே! கோவைக்கு வந்து ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் அமர்ந்தார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் காசுக்குக் காசு சேர்த்து, ரூ. 300 கொடுத்து அவ்வதிகாரியிடமிருந்தே அவ்வண்டியைப் பெற்றார். பெற்றவர் அதன்மீது ஏறி ஊர் சுற்றினாரல்லர். அதனைத் துண்டு துண்டாகக் கழற்றினார், மீண்டும் பூட்டினார், ஒவ்வோர் உறுப்பும் எதற்காக உள்ளது என்பதைத் தெளிந்தார். அதுவே அவருடைய பள்ளி; அவ்வண்டியே அவருடைய பாட நூல்.

எஞ்சினின் மூச்சு

அங்ஙனம் ஓர் எஞ்சினைக் கழற்றிப் பார்ப்பவர் அறிவது யாது? அது மூச்சு விடும் பொருள் என்பதேயாம். சிலிண்டருக்குள் பிஸ்டன் கீழிறங்கும்பொழுது காற்றும் பெட்ரோல் ஆவியும் உள்ளே ஈர்க்கப்படுகின்றன. மேலேறும்பொழுது அக்கலவை நெருக்கப்படுகின்றது. பின்னர்த் தீப்பொறி பட்டு எரிந்து, பிஸ்டனைக் கீழே தள்ளுகின்றது. நான்காவதாக, எரிந்த புகையை அப்பிஸ்டனே மேலேறி வெளியே தள்ளுகின்றது. இந்நான்கனுள் வலிமை தருவது மூன்றாவது ஒன்றே. ஏனைய மூன்றும் அவ்வலிமையிற் பங்கு கேட்பன. புகை போகும் வழி குறுகியதாகவும் வளைவு மிகுந்ததாகவும் இருப்பின், அதனைத் தள்ளுதற்கே எஞ்சின் தன் வலிமையிற் சிறிது செலவிட வேண்டும். மேலும், பழம்புகை சிலிண்டரில் எஞ்சி நின்றால் புதுக் கலவைக்கு இடம் குறையும். இடம் குறைந்தால் திறனும் குறையும்.

இக்காலத்தில் திண்டுக்கல்லிலிருந்து பழனி செல்லும் சாலையில், சைலன்சரை நீக்கிவிட்டுச் செவி கிழியுமாறு வண்டி ஓட்டும் இளைஞரைக் காண்கின்றோம். புகைக் குழாயைக் குறுக்கிப் பக்கவாட்டில் திருப்பிவிட்டால் குதிரைத்திறன் பெருகும் என்பது அன்னோர் நம்பிக்கை. மேனாட்டுப் பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் சிலவற்றின் தோற்றமும் இந்நம்பிக்கையை வளர்த்தது. 1928-ஆம் ஆண்டில் தோன்றிய மெர்சிடிஸ்-பென்ஸ் எஸ்.எஸ்.கே. காரில், எஞ்சின் மூடியின் பக்கத்தைத் துளைத்துக்கொண்டு மூன்று தடித்த குழாய்கள் வெளியே வளைந்து செல்லும். 1965-இல் அமெரிக்கக் கார்வெட் காரிலும், விரும்புவோருக்குப் பக்கக் குழாய்கள் பொருத்திக் கொடுக்கப்பட்டன. காண்பதற்கு அவை வீரத்தின் சின்னம் போன்றனவே. ஆயினும் உண்மையை ஆராய்தல் வேண்டும்.

பக்கக் குழாயால் நன்மை இல்லாமலில்லை. வழி குறுகலின்றி நேராகவும் அடைப்பின்றியும் அமைவதால் எதிரழுத்தம் குறைகின்றது. எஞ்சின் விரைந்து சுழலும்பொழுது திறன் நூற்றுக்குச் சில பங்கு கூடலாம். எனினும் அந்நன்மை, குழாய் பக்கத்தில் இருப்பதனால் வந்ததன்று. அதன் நீளமும் அகலமும் வளைவும் தக்கவாறு அமைந்தமையால் வந்தது. வால்வு திறந்தவுடன் வெளிப்படும் புகை ஓர் அலையாகக் குழாயில் ஓடுகின்றது. குழாயின் திறந்த வாயை அடைந்ததும், அழுத்தம் குறைந்த மற்றோர் அலை அங்கிருந்து திரும்பி வருகின்றது. அது தக்க நேரத்தில் வால்வை வந்தடைந்தால், எஞ்சிய புகையைத் தானே உறிஞ்சி, புதுக் கலவையையும் உள்ளே வரச் செய்யும்.

சூடான புகையில் அவ்வலை நொடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர் ஓடுவதாகக் கொள்வோம். நிமிடத்திற்கு 3000 முறை சுழலும் எஞ்சினில், அரைச் சுற்று நொடியில் நூறில் ஒரு பங்கு ஆகும். அதற்குள் போய்வர இரண்டரை மீட்டர்க் குழாய் வேண்டும். 6000 முறை சுழல்வதற்கோ அதிற் பாதியே போதும். ஆகவே குழாயைக் குறுக்கினால், விரைவில் ஓடும்பொழுது கிடைக்கும் ஊதியம் மெல்ல ஓடும்பொழுது இழப்பாக முடியலாம். குழாயை மாற்றியவர் கார்புரேட்டரையும் அதற்கேற்பத் திருத்தாவிடின் கலவை பிழைபட்டுத் திறன் குறைதலும் உண்டு. ஓசை பெருகுதல் மட்டும் எஞ்ஞான்றும் உறுதி! ஓசை வேறு, ஆற்றல் வேறு என்னும் இவ்வுண்மை எஞ்சினுக்கு மட்டுமன்றி மாந்தர்க்கும் பொருந்தும். நாயுடு அவர்களின் வாழ்க்கை அதற்குச் சான்றாம்.

பஸ் தொழில்

முதல் உலகப் போர்க் காலத்தில் பருத்தித் தொழிலில் இவர் பெரும்பொருள் ஈட்டினார். பின்னர்ப் பம்பாய்ப் பருத்தி வாணிகத்தில் அப்பொருளை இழந்தார். இழந்தவர் சோர்ந்திலர். கோவையில் தொழில் வளர்த்தவரும், 1862-இல் அங்குப் பள்ளி நிறுவியவருமாகிய ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை இவருடைய நேர்மையையும் கைத்திறனையும் அறிந்து உதவினார். 1920-ஆம் ஆண்டில் நாயுடு ஒரு பஸ் வாங்கி, தாமே ஓட்டுநராக அமர்ந்து, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டலானார்.

அக்காலத்துப் பயணத்தின் அருமையை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். திண்டுக்கல்லிலிருந்து பழனி வழியாகப் பொள்ளாச்சி செல்லும் இருப்புப்பாதை 1928-இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் மலைக்கோயிலுக்குச் செல்வோர்க்கும் சந்தைக்குச் செல்வோர்க்கும் மாட்டுவண்டியும் தம் கால்களுமே துணை. அந்நிலையில் குறித்த நேரத்திற் புறப்பட்டுக் குறித்த நேரத்தில் வந்து சேரும் ஒரு பஸ், மக்களுக்கு எத்துணைப் பேருதவியாக இருந்திருக்கும்! பஸ்ஸின் புகைக் குழாய் வண்டியின் அடியே நெடுந்தொலைவு சென்று பின்புறம் முடிகின்றது. அதனாற் சிறிது திறன் குறையினும், நச்சுப் புகை பயணிகளை அணுகாது. தன் வலிமையைக் காட்டுவதினும் தன்னை நம்பி ஏறினோரைக் காப்பதே பெரிது என்பதை அக்குழாயும் கூறுகின்றதன்றோ?

ஒரு பஸ் பலவாயிற்று. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெயருடன் 1933-இல் ஏறத்தாழ 280 பஸ்கள் ஓடின. கோவையில் பயணிகள் தங்கும் நிலையமும், கால அட்டவணையும், சீட்டுக் கொடுக்கும் பொறியும் அமைத்து, பஸ் தொழிலுக்கே ஓர் ஒழுங்கை ஏற்படுத்தினார்.

புத்தமைப்புகள்

பஸ் தொழிலோடு அவருள்ளம் அமையவில்லை. மேனாடுகளுக்குச் சென்று தொழிற்சாலைகளைக் கண்டார். 1936-இல் இலண்டனில் நடைபெற்ற ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தம் காமிராவிற் படமெடுத்தார். ஜெர்மனியில் கற்றதைக் கொண்டு, உலர்ந்த பாட்டரியால் இயங்கும் சவரக் கருவியைச் செய்தார். மிக மெல்லிய சவரத் தகடு, பழச்சாறு பிழியும் பொறி, மண்ணெண்ணெயால் ஓடும் விசிறி, வாக்குப் பதிவுப் பொறி என அவர் கை படாத துறை அரிது. 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் கூடி, இந்தியாவிலேயே மின்சார மோட்டாரைச் செய்து காட்டினார். கோவைப் பகுதியின் கிணறுகளில் கமலை ஓசை அடங்கி மோட்டார் ஓசை எழுந்ததற்கு அம்முயற்சி வித்தாயிற்று. வேளாண்மையிலும் பத்தடிக்கு மேல் ஓங்கும் பருத்திச் செடியை வளர்த்துக் கண்டோரை வியப்பித்தார். அறிஞர் சி. வி. இராமன் அவர்களே இவரை வியந்து பாராட்டினார் எனின், வேறு கூறவும் வேண்டுமோ?

1952-ஆம் ஆண்டில் இருவர் அமர்ந்து செல்லத்தக்க சிறிய காரொன்றை அமைத்தார். அதன் விலை ரூ. 2000 அளவிலேயே அமையும் என்பது அவர் கணக்கு. ஆனால் அதனைப் பெருக்கிச் செய்ய அரசாங்கத்தின் உரிமம் கிடைக்கவில்லை. அம்முயற்சி அங்ஙனமே நின்றது. எரிந்த புகைக்கு வழியில்லாத எஞ்சின் புதுக் காற்றை ஏற்கமாட்டாது திணறுவதுபோல, ஆற்றல் மிக்க ஒருவரின் எண்ணமும் வெளிப்படும் வழியின்றித் திணறிற்று. எளிய குடும்பத்தினர் காரில் ஏறும் நாள் இதனால் எத்துணை ஆண்டுகள் தள்ளிப்போயிற்றோ என்று எண்ணுங்கால் எம் உள்ளம் வருந்துகின்றது.

கல்வித் தொண்டு

தாம் பள்ளியில் கல்லாதவர் பிறர் கற்பதற்கு வழி செய்தார். 1945-இல் கோவையில் அன்றைய சென்னை ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரால் தொழிற் பயிற்சி நிலையமும் பொறியியற் கல்லூரியும் தோன்றுவதற்குக் காரணராய் நின்று, முதல்வர் பொறுப்பையும் தாமே ஏற்றார். அக்கல்லூரியே பின்னர் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக வளர்ந்தது. நான்கு ஆண்டுப் படிப்பு காலத்தை வீணாக்குவது, கருவியைக் கையிற் கொடுத்தால் குறுகிய காலத்திலேயே கற்பிக்கலாம் என்பது அவர் கொள்கை. அரசாங்கம் அதனை ஏற்கவில்லை, அவர் விலகினார்.

இவ்விடத்தில் யாம் சிறிது தயங்கி நிற்கின்றோம். கல்லூரியில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் எமக்கு, இம்மனிதர் ஒரு வினாவாகவே எதிர்ப்படுகின்றார். மூன்றாம் வகுப்போடு நின்றவர் இத்துணைச் செய்தார். பதினைந்து ஆண்டுகள் ஏடுகளோடு பழகிய யாம் செய்தது யாது? அவர் கூறியதே முற்றும் சரி என்று கொள்வோமாயின், எம் வகுப்பறையை விட்டு இன்றே எழுந்து போதல் வேண்டும். அவர் கூறியது தவறு என்று ஒதுக்குவோமாயின், அவர் வாழ்க்கையே எம்மை மறுக்கும். ஆழ்ந்து நோக்கின், அவர் வெறுத்தது கல்வியை அன்று. கையும் கருத்தும் கூடாத கல்வியையே. ஒரு வண்டியைக் கழற்றிப் பூட்டிய பொறுமையோடு யாம் ஒரு பாடலைக் கழற்றிப் பூட்டியதுண்டா? இல்லையெனின் குற்றம் நூலினது அன்று, எம்முடையதே. எஞ்சினின் உறுப்புகளுக்கெல்லாம் தொழிலாளர் வாயில் வழங்கும் சொற்களைத் தொகுத்து, இத்தகைய அறிவை எளிய தமிழில் எழுதி வைப்பதே தமிழ் கற்பார் செய்யத்தக்க கைத்தொண்டு எனக் கருதுகின்றோம். இக்கட்டுரையிற் புகைக் குழாயைப் பற்றி எழுதப் புகுந்தபோது யாம் பட்ட இடர்ப்பாடே அதன் தேவையை எமக்கு உணர்த்திற்று.

முடிவுரை

நாயுடு அவர்கள் 1974-ஆம் ஆண்டு சனவரி மாதம் 4-ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார். கோவை அவிநாசிச் சாலையில் அவர் நினைவாக அமைந்த பொருட்காட்சியகம், அவர் செய்தனவற்றையும் சேர்த்தனவற்றையும் காட்டி நிற்கின்றது. 2015-இல் அவ்விடத்தே பழைய கார்களுக்கென ஒரு காட்சியகமும் திறக்கப்பெற்றது. 2025-இல் அச்சாலையின்மேல் எழுந்த நெடிய மேம்பாலம் அவர் பெயர் பூண்டது. சாலையில் பஸ் ஓட்டி வாழ்வைத் தொடங்கியவருக்குச் சாலையே நினைவுச் சின்னமாக அமைந்தது மிகவும் பொருத்தமுடையது.

ஆண்டவர் அருளிய தாலந்தை நிலத்திற் புதைத்து வைத்த ஊழியன் கதையை யாம் சிறுவயது முதலே கேட்டிருக்கின்றோம். நாயுடு அவர்கள் பெற்ற தாலந்து ஒரு பழைய மோட்டார் சைக்கிள். அதனை அவர் புதைத்தாரல்லர். நூறு மடங்காகப் பெருக்கினார். கல்லூரி மாணவராகிய நாம் பெற்றதோ அதனினும் மிகப் பெரிது. ஓசையை நாடாது ஆற்றலை நாடி, நமக்கு அளிக்கப்பட்டதைக் கையாற் செய்து கணக்கு ஒப்புவிக்க நம்மை ஆயத்தம் செய்துகொள்வோமாக.