தட்டம்மை வைரஸும் டி செல்களும்: மருத்துவர் பிர்க்கேயின் வாழ்க்கை உணர்த்தும் பாடம்

நாம் அன்றாடம் வழங்கும் ‘அலர்ஜி’ என்னும் சொல்லை 1906-ஆம் ஆண்டில் உருவாக்கியவர் ஆஸ்திரிய நாட்டுக் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் வான் பிர்க்கே. வைரஸ் ஒன்று நம் உடலின் எதிர்ப்பாற்றலையே அடக்கிவிட இயலும் என்பதற்கு முதல் சான்றை அளித்தவரும் அவரே. அச்சான்று திருவள்ளூர் மாவட்டத்தில் குழந்தை வளர்க்கும் உங்களுக்கு இன்றும் பயன்படக்கூடியது.

இளமையும் கல்வியும்

பிர்க்கே 1874 மே 12 அன்று வியன்னாவை அடுத்த ஹிர்ஷ்டெட்டனில் பிறந்தார். முதலில் சமயக் கல்வியும் மெய்யியலும் பயின்ற அவர், பின்னர் மருத்துவத்திற்கு மாறி, 1900-இல் கிராஸ் நகரில் பட்டம் பெற்றார். அக்காலத்தில் தொண்டை அடைப்பான் நோய்க்குக் குதிரையின் இரத்தத்திலிருந்து எடுத்த சீரம் ஊசியாகச் செலுத்தப்பட்டது. இரண்டாம் முறை ஊசி பெற்ற குழந்தைகளிடம் தடிப்பும் காய்ச்சலும் விரைவில் தோன்றுவதை அவரும் பேலா ஷிக் என்னும் மருத்துவரும் கண்டு, 1905-இல் நூலாக வெளியிட்டனர். ஒருமுறை சந்தித்த அயற்பொருளை உடல் நினைவில் வைத்திருக்கிறது என்பது அவர்கள் கண்ட உண்மை.

தோலில் தெரியும் நினைவு

1907-இல் பிர்க்கே அந்த நினைவைச் சோதித்தறியும் எளிய வழியொன்றைக் கண்டார். காசநோய்க் கிருமியிலிருந்து பெறப்படும் டியூபர்குலின் என்னும் நீர்மத்தின் ஒரு துளியை முன்கையில் இட்டு, தோலை இலேசாகக் கீறினார். கிருமி ஏற்கெனவே உடலில் புகுந்திருந்தால் ஓரிரு நாள்களில் அவ்விடம் சிவந்து தடித்தது. அத்தடிப்பை உண்டாக்குபவை டி செல்கள் என்னும் வெள்ளணுக்கள் என்பது அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின்னரே தெரியவந்தது.

இச்சோதனையின் திருத்திய வடிவம் நம் மாவட்டத்திற்கு அறிமுகமானதே. 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர் வட்டாரத்தை உள்ளடக்கி, பிசிஜி தடுப்பூசி குறித்த மாபெரும் கள ஆய்வு தொடங்கியது. அதில் இலட்சக்கணக்கானோருக்கு முன்கையில் டியூபர்குலின் ஊசி இடப்பட்டது. உங்கள் வீட்டுப் பெரியவர்களுள் சிலர் அதனை நினைவுகூரக்கூடும்.

தட்டம்மை மறைத்த தடிப்பு

டியூபர்குலினுக்கு முன்பு நன்கு தடித்த தோல், அதே குழந்தைக்குத் தட்டம்மை கண்டபோது தடிக்கவில்லை என்பதை 1908-இல் பிர்க்கே பதிவு செய்தார். சிவந்த புள்ளிகள் தோன்றிய நாள்முதல் ஏறத்தாழ ஒரு வாரம் தோல் மௌனமாக இருந்தது. காசநோய்க் கிருமி உடலைவிட்டு நீங்கவில்லை. அதனை அடையாளம் காட்டும் படையே ஓய்ந்திருந்தது.

வைரஸ்கள் டி செல்களிடமிருந்து பலவாறு தப்புகின்றன. சில, தாம் புகுந்த செல்லின் மேற்பரப்பில் தம் அடையாளம் தோன்றாதவாறு மறைத்துக்கொள்கின்றன. எச்.ஐ.வி. அடிக்கடி உருமாறுவதோடு, டி செல்களுக்குள்ளேயே பதுங்குகிறது. தட்டம்மை வைரஸோ, பழைய நோய்களின் நினைவைச் சுமக்கும் டி செல்கள், பி செல்கள் ஆகியவற்றின் மேலுள்ள ஏற்பி ஒன்றைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைகிறது. அச்செல்கள் பெருமளவில் அழிகின்றன. வெள்ளணுக்களின் எண்ணிக்கை விரைவில் மீள்கிறது. ஆனால் புதிதாகப் பெருகும் செல்களுள் பல தட்டம்மையை மட்டுமே அறிந்தவை. ஆகவே குழந்தைக்குத் தட்டம்மை மீண்டும் வருவது மிக அரிது; பிற நோய்கள் எளிதில் வரும். நெதர்லாந்தில் தடுப்பூசி பெறாத 77 குழந்தைகளை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வில், தட்டம்மைக்குப் பின் பிற கிருமிகளுக்கெதிரான எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 விழுக்காடு வரை இழப்பு காணப்பட்டது.

பிற்கால வாழ்க்கை

பிர்க்கே அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்திலும் பின்னர் பிரெஸ்லாவிலும் பேராசிரியராகப் பணியாற்றி, 1911-இல் வியன்னா குழந்தைகள் மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். முதல் உலகப் போருக்குப் பின் ஆஸ்திரியாவில் பசியால் மெலிந்த இலட்சக்கணக்கான குழந்தைகளுக்கு, அமெரிக்க உதவியுடன் உணவளிக்கும் திட்டத்தை வழிநடத்தினார். 1929 பிப்ரவரி 28 அன்று மறைந்தார்.

நீங்கள் செய்ய வேண்டியவை

நம் பகுதியில் தட்டம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகி, பெரியபாளையத்து அம்மனுக்கு வேண்டிக்கொள்வது வழக்கம். வேண்டுதலோடு மருத்துவமனைக்கும் வாருங்கள். மருத்துவர் தரும் வைட்டமின் ஏ, குழந்தையின் கண்ணையும் உயிரையும் காக்கும். அம்மை இறங்கியதும் ஆபத்து நீங்கிவிட்டதாகக் கருத வேண்டாம். தொடர்ந்து வரும் வாரங்களில் மூச்சிரைப்பு, வயிற்றுப்போக்கு, காதில் சீழ் ஆகியவை தோன்றினால் உடனே காட்டுங்கள்.

வீட்டில் எவருக்கேனும் காசநோய் இருந்தால், குழந்தைக்கு அண்மையில் தட்டம்மை வந்ததை மருத்துவரிடம் தவறாமல் தெரிவியுங்கள். அந்நிலையில் தோல் சோதனையில் தடிப்பு இல்லை என்பதை மட்டும் வைத்துக் காசநோய் இல்லை என முடிவு செய்ய இயலாது. இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமல் அல்லது காய்ச்சல், எடை குறைதல் ஆகியவை இருப்பின் பிற பரிசோதனைகள் தேவை.

தட்டம்மை – ரூபெல்லா தடுப்பூசியை 9 மாதம் நிறைந்ததும் ஒருமுறையும், 16 முதல் 24 மாதத்திற்குள் மறுமுறையும் இடுங்கள். தவறவிட்டிருந்தால் ஐந்து வயதிற்குள் இட்டுக்கொள்ளலாம். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகளிலும் செங்கல் சூளைகளிலும் பணிபுரிய வெளிமாநிலங்களிலிருந்து வந்துள்ள குடும்பங்கள், இடம் மாறும்போது இரண்டாம் தவணையைத் தவறவிடுவதுண்டு. எந்த ஊரினராயினும் எந்த அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இத்தடுப்பூசி இலவசம். தடுப்பூசி அட்டை தொலைந்திருந்தாலும் தயங்காமல் வாருங்கள். அண்டை வீட்டில் அத்தகைய குழந்தை இருந்தால் உடன் அழைத்து வாருங்கள்.

தட்டம்மை அழித்த நினைவைத் திருப்பித் தரும் மருந்து எதுவும் இல்லை. அதனை அழியாமல் காக்கும் தடுப்பூசி உங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்தில் உள்ளது.